மருந்துத் தண்ணீர் போன வழி

குளம் பச்சையாக இல்லை.

சின்னவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். விடிந்தும் விடியாத நேரத்தில் எல்லாமே சாம்பலாகத்தான் தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள். வெளிச்சம் ஏறட்டும் என்று காத்திருந்தாள். ஏறியது. குளம், டீத்தூள் கழுவி ஊற்றிய நிறத்தில் இருந்தது.

தண்ணீரைத் தள்ளிவிடும் துடுப்புச் சக்கரம் மட்டும் எதுவும் தெரியாத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆழத் தண்ணீர் ஓட்டப்பந்தயத் திடல் போல நீளமாகப் போய், வளைந்து, திரும்பி வந்தது. மூலையில் ஒதுங்கிய நுரையின் மேல் செத்த பாசி ஆடை கட்டி மடிந்து கிடந்தது.

வெள்ளைக் குவளையில் ஒரு வாய் தண்ணீர் மொண்டு மூக்கருகே கொண்டு போனாள். மூத்திர நெடி சுள்ளென்று ஏறியது. பாசி உயிரோடு இருந்தால் அந்த நெடி இருக்காது. அதைத் தின்றுதான் பாசி வளர்கிறது.

"யார் என்ன ஊத்தினாங்க?" என்று குளத்தையே கேட்டாள்.

இன்றைக்கென்று பார்த்தா இப்படி ஆக வேண்டும்!

இந்த வீட்டுக்குள் இன்றுதான் முதல் தடவை எட்டிப் பார்ப்பவர்களுக்காக ஒரு நிமிஷம். அண்ணன், தம்பி. அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள். அறுபது மாடு. அண்ணன் பால் வேன் ஓட்டுகிறார். தம்பி ஃபிட்டர். மாடுகள் பெரியவள் பொறுப்பு, குளம் சின்னவள் பொறுப்பு. கொட்டகை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் குளத்துக்கு வரும். பாசி அந்த அழுக்கைத் தின்னும். தெளிந்த தண்ணீர் கடைசித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து வெளியே போகும். கொழுத்த பாசியை வடித்துச் சாணத்தோடு கேஸ் தொட்டியில் போடுவார்கள். அந்த கேஸில் எஞ்சின் ஓடும், எஞ்சினில் கறவை மெஷின் ஓடும். எல்லாம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுகிற ஏற்பாடு. ஒன்று விழுந்தால் மற்றதும் விழும்.

குளம் வெட்டுவதற்கு முன்னால், கீழே மீன் வளர்ப்பவர் கொடுத்த புகாரில், இந்தத் தண்ணீர் இரண்டு தடவை சோதனையில் தோற்றது. மூன்றாவது தடவையும் தோற்றால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். அந்த மூன்றாவது சோதனை இன்று மாலை நாலு மணிக்கு.

போன வாரம் பத்திரிகைக்காரர் ஒருவர் குளத்தைப் படம் எடுக்க வந்ததும், கையில் சாணக்கூடையோடு நின்ற பெரியவளை "கொஞ்சம் ஓரமா போங்கம்மா, படத்துல வர்றீங்க" என்று சொன்னதும், சின்னவள் அதைக் காதில் வாங்கியும் வாங்காமல் சிரித்துக்கொண்டு நின்றதும் முன்பே எட்டிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். "இனி அந்தக் கரையில நான் கால் வைக்க மாட்டேன்" என்று பெரியவள் போனாள். அதோடு பேச்சும் நின்றது. இன்றோடு எட்டு நாள்.

சின்னவள் எழுந்து ஓடினாள். குளத்திலிருந்து கடைசித் தொட்டிக்குப் போகும் குழாயின் வால்வு துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றித் திருப்பினாள். அது அடைபட்டபோது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கடைசித் தொட்டியை எட்டிப் பார்த்தாள். அடித்தளம் தெரிந்தது. நல்ல தண்ணீர். கெட்டது இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

அடுத்தது கேஸ் தொட்டி. அங்கே அவள் புருஷன் ஃபிட்டர் வடிதுணியைப் பிழிந்து வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நிறுத்துங்க! அதைக் கொட்டாதீங்க!"

"இன்னும் ரெண்டு வாளிதான். கொட்டிட்டு வந்துடறேன்."

"பாசி செத்துப் போச்சுங்க. கையில இருக்கறதைப் பாருங்க, என்ன நிறம் அது?"

அவர் வாளியைப் பார்த்தார். "கொஞ்சம் பழுப்பா இருக்கு."

"நேத்து போட்டது எப்படி இருந்துச்சு?"

"நிறத்தை எல்லாம் யாரு பாத்தா? நான் என்ன துணிக்கடையிலயா நிக்கறேன்?"

சொல்லிவிட்டு அவர் கண் ஒரு தடவை சுவரிலிருந்த கேஸ் மீட்டருக்குப் போய் வந்தது. சின்னவள் அதைக் கவனித்தாள். கேட்க நேரமில்லை. வாளியைப் பிடுங்கித் தூரமாகக் கவிழ்த்துவிட்டு நுண்ணோக்கி இருக்கும் தகர அறைக்குப் போனாள்.

ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் குனிந்தாள். உயிருள்ள பாசி பச்சை மணி மாதிரி உருண்டையாக இருக்கும். இன்று உமி மாதிரி வெளுத்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. உருண்டையாக ஒன்றாவது இருக்காதா என்று தேடினாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

நேற்றும் முந்தாநாளும் அவள் சோதனைக் காகிதங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்பினாள். குளத்தை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு நாள். அதற்குள்தான் ஏதோ நடந்திருக்கிறது.

இப்படி ஒட்டுமொத்தமாகச் சாக வேண்டும் என்றால் பிளீச்சிங் பவுடர்தான். கொட்டகையில் அது வைத்திருப்பவள் ஒருத்திதான்.

கொட்டகையில் கறவை நடந்துகொண்டிருந்தது. மெஷின் டக் டக்கென்று இழுத்தது. பெரியவள் ஒரு மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லா மாடும் கறந்து முடிந்த பிறகு ஆடி அசைந்து வரும் மாடு அது. அதற்கு லேட்டு என்றே பெயர் ஆகிவிட்டது. இன்று என்னவோ முதல் வரிசையில் நின்றது.

"அக்கா."

பெரியவள் மடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்களைத்தான். கொட்டகையில பிளீச்சிங் போட்டுக் கழுவினீங்களா?"

பெரியவள் துணியைப் பிழிந்தாள். மாட்டைப் பார்த்துப் பேசினாள். "லேட்டு, காலங்காத்தால வந்து திருடியைக் கேக்கற மாதிரி கேக்கறாங்க பாத்தியா? நான் பிளீச்சிங்கைத் தொட்டே ஒரு மாசம் ஆச்சுன்னு சொல்லு."

"மாட்டுக்கிட்ட பேசாதீங்க. என்கிட்ட சொல்லுங்க. குளம் செத்துப் போச்சு."

பெரியவள் கை நின்றது. ஒரு நொடிதான். மறுபடி துடைத்தது.

"லேட்டு, ஏதோ செத்துப் போச்சாம். படம் பிடிக்கறவரைக் கூப்பிடச் சொல்லு."

சின்னவளுக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. "நாலு மணிக்கு ஆபீஸர் வர்றாங்க. குளம் போனா உங்க மாடும் போகும். அது ஞாபகம் இருக்கட்டும்!"

"நான் தொடலை. சத்தியமாத் தொடலை. சொல்லிடு லேட்டு."

சின்னவள் திரும்பி நடந்தாள். பெரியவள் குத்திப் பேசுவாள், பொய் பேச மாட்டாள். அது அவளுக்குத் தெரியும். பிளீச்சிங் இல்லை என்றால் வேறென்ன?

வாய்க்காலை ஒட்டியே நடந்தாள். கொட்டகையிலிருந்து குளம் வரை நாற்பது அடி. குனிந்து குனிந்து பார்த்தாள். ஓரத்துச் சிமெண்டில் விரலால் தேய்த்தாள். சாணப் பாசம், வைக்கோல் துரும்பு, வேறொன்றும் இல்லை. மதகுக்கு அருகில் வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அங்கே சிமெண்டு வெடிப்பில் ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது.

நீலம்.

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயில்துத்தம்!

மாட்டுக்குக் குளம்பு அழுகினால் மயில்துத்தத்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, மாடுகளை அதில் இறக்கி நடக்க விடுவார்கள். மாட்டுக்கு அது மருந்து. பாசிக்கு விஷம். அதற்காகத்தான் இந்த மதகே. மருந்து நாளில் பலகையை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் தண்ணீர் குளத்துக்குப் போகாமல் தார்ப்பாய் விரித்த குழிக்குப் போய்விடும். ஒவ்வொரு மருந்து நாளும் தொட்டியைத் திறப்பதற்கு முன்னால் பெரியவள் கொட்டகை வாசலில் நின்று, "மருந்துத் தண்ணி வருதுடியோ!" என்று குரல் கொடுப்பாள். சின்னவள் ஓடிப்போய்ப் பலகையைத் திருப்புவாள். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஒரு குரல், ஒரு ஓட்டம். ஒன்றரை வருஷமாக ஒரு தடவையும் தப்பியதில்லை.

பலகை குளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

எஞ்சின் கொட்டகையில் ஃபிட்டர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

"நான் இல்லாதப்ப மாட்டுக்கு மருந்து வெச்சாங்களா?"

"யாரு?"

"எத்தனை பேர் மருந்து வைக்கறாங்க இங்க? அக்காதான்."

அவர் ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து மறுபடி துடைத்தார்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"சொன்னாங்க" என்றார், ஸ்பேனரைப் பார்த்தே. "நீ கேட்டைத் தாண்டிப் போன பிறகு சொன்னாங்க. 'தம்பி, பதினோரு மணிக்கு மருந்துத் தண்ணி விடுவேன், அந்தப் பலகையைத் திருப்பிடு, நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்'னு. நான் எஞ்சினுக்கு அடியில படுத்திருந்தேன். சரின்னு சொன்னேன். பெல்ட் அறுந்துபோச்சு. அதைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"நேத்து."

"நேத்தா? நேத்தே சொல்லியிருந்தா..."

"சொன்னா என்ன? செத்ததை எழுப்புவியா?"

"பாசியைக் கேஸ் தொட்டியில போட்டிருக்க மாட்டோம். துத்தத்தைக் குடிச்ச பாசிங்க அது. சாணத்துல கேஸ் ஊதுற கிருமியும் செத்துடும்." நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள். "மீட்டர் முள் இறங்குதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு கோடு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து. அது சாணம் தண்ணியா இருந்ததால கூட இருக்கலாம்" என்று அவசரமாகச் சொன்னார். "இங்க பாரு. நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். நீ வால்வை அடைச்சுட்டே. கடைசித் தொட்டியில நல்ல தண்ணி நிக்குது. அந்தம்மா அங்கதானே பாட்டில்ல பிடிப்பாங்க? பிடிக்கட்டும். பாஸாகும். கையெழுத்தை வாங்கிக்கிட்டுப் போகட்டும்."

"அப்புறம் குளத்துல இருக்கறது?"

"மழை வரும்போது கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்."

"கீழ மீன் இருக்குங்க."

"இங்க மாடு இருக்கு. அறுபது. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வே?"



மத்தியானம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஃபிட்டர் அண்ணியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். தான் மறந்ததைச் சொன்னார், குளம் போனதைச் சொன்னார், வால்வு அடைத்ததையும் மழையில் விடப்போவதையும் சொன்னார். பெரியவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவர் போன பிறகு கொட்டகைக்குப் போனாள். நொண்டுகிற மாட்டின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, குளம்பு இடுக்கில் மருந்து பிடித்திருக்கிறதா என்று பார்த்தாள். பிடித்திருந்தது. காய்ந்து வந்தது புண்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டாள் தண்ணீர் அதிகாரி. ஐம்பது வயசு இருக்கும். ஒரு அளவு பெரிய ரப்பர் பூட்ஸ். நடக்கும்போது பூட்ஸ் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். கையில் பாட்டில் பெட்டி.

குளத்தைப் பார்த்து நின்றாள்.

"ஏன் இந்த நிறம்?"

"வெயில் மேடம்" என்றார் ஃபிட்டர். "ரெண்டு நாளா நல்ல வெயில்."

"வெயில்ல பாசி கறுக்குமா? எனக்குத் தெரிஞ்சு நாமதான் கறுப்போம்."

ஃபிட்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அதிகாரி கடைசித் தொட்டிக்குப் போனாள். வெளிமதகைத் திறக்கச் சொன்னாள். பத்து நிமிஷம் தண்ணீர் ஓட வேண்டும், அப்புறம்தான் பிடிப்பாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. சின்னவள் தொட்டியின் மட்டம் இறங்குவதைப் பார்த்தாள். பெரியவள் சற்றுத் தள்ளிக் கொட்டகைச் சுவரோரம் நின்றாள். எட்டு நாளாக அவள் தாண்டாத கோடு அதுதான்.

பாட்டில் நிறைந்தது. அதிகாரி கையடக்க மீட்டரை அதில் முக்கினாள். புருவம் உயர்ந்தது.

"நல்லா இருக்கே! போன ரெண்டு தடவைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

ஃபிட்டர் பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

"இதுல குளம் பாத்துக்கறவங்க கையெழுத்து வேணும்" என்று அதிகாரி பலகையில் வைத்த படிவத்தை நீட்டினாள். "கடைசிக் கேள்வியைப் படிச்சுட்டுப் போடுங்க."

சின்னவள் வாங்கினாள். கடைசிக் கேள்வி ஒரே வரி. கடந்த ஏழு நாட்களில் இந்த நீரில் மருந்தோ ரசாயனமோ கலந்ததா? பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம். இல்லை.

பேனா முனை தாளுக்கு ஒரு நூல் மேலே நின்றது. 'இல்லை' என்றால் இப்போதே முடிந்தது. அறுபது மாடும் நிற்கும். அப்புறம் ஒரு மழை நாளில் அந்தத் தண்ணீர் கீழே இறங்கும். 'ஆம்' என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. கொட்டகை காலியாகலாம். இருபத்து இரண்டு வருஷம் சாணம் அள்ளின ஒருத்தியின் கொட்டகை. ஏற்கெனவே ஒரு தடவை அவளை ஓரமாகப் போகச் சொல்லியாகிவிட்டது.

பேனா இரண்டாவது கட்டத்தின் பக்கம் நகர்ந்தது.

"இரு."

பெரியவள் சுவரை விட்டு வந்துகொண்டிருந்தாள். கோட்டைத் தாண்டினாள். கரையில் கால் வைத்தாள். சாணம் காய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து சின்னவள் எதிரில் நின்றாள்.

"ஆமான்னு எழுது."

"அக்கா..."

"உன்கிட்டதான் பேசறேன். மாட்டுக்கிட்ட இல்ல. ஆமான்னு எழுது."

"அண்ணி, சும்மா இருங்க" என்றார் ஃபிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு தம்பி." குரல் உயரவில்லை. "எழுதும்மா."

"எழுதினா உங்க மாடு?"

"என் மாடுன்னு தெரியுதுல்ல? அப்ப நான் சொல்றதை எழுது. வாயைத் திறந்து ஒரு குரல் கொடுக்காம வீம்புக்கு இருந்தது நான். பொய்க்கு மட்டும் உன் கையெழுத்தா?"

சின்னவள் முதல் கட்டத்தில் கோடு போட்டாள். கோடு கட்டத்தைத் தாண்டிப் போனது.

அதிகாரி படிவத்தை வாங்கிப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள். "என்ன கலந்துச்சு?"

"மயில்துத்தம்" என்றாள் பெரியவள். "மாட்டுக் குளம்புக்கு. பத்து கிலோ. முந்தாநாள் நான்தான் விட்டேன்."

"அந்த மதகுப் பலகையைத் திருப்பலையா?"

ஃபிட்டர் தரையைப் பார்த்தார்.

"திருப்பலை" என்றாள் பெரியவள். "தப்பு என்னுது."

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று பார்த்தாள். அவர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அவங்க மட்டும் இல்லை மேடம்" என்றாள் சின்னவள். "எனக்கு அவங்ககூடப் பேச்சு இல்லை. ரெண்டு நாளா குளத்தையும் எட்டிப் பாக்கலை. அதையும் எழுதிக்குங்க."

"பேச்சு இல்லைன்னு எழுதக் கட்டம் இல்லைம்மா" என்றாள் அதிகாரி.

பாட்டிலை எடுத்தாள். சோதனையில் தேறிய தண்ணீர். மூடியைத் திருகி, காலடியில் கவிழ்த்தாள். மண் அதை உடனே குடித்துவிட்டது.

"இதை நான் எடுத்துட்டுப் போக முடியாது. தேறலைன்னும் எழுத மாட்டேன், தேறினதுன்னும் எழுத மாட்டேன்." வெளிமதகை அடைத்து, அதன் திருகுச் சக்கரத்தில் கம்பி சுற்றி, ஈயத் துண்டு வைத்து நசுக்கி முத்திரை போட்டாள். "பத்து நாள். பதினோராம் நாள் வருவேன். குளம் மறுபடி வேலை செய்யணும். நடுவுல ஒரு சொட்டு வெளிய போச்சுன்னா அன்னைக்கே கொட்டகை காலி."

"மேடம்" என்றாள் பெரியவள். "பத்து நாள் அடக்கி வெச்சுக்கோன்னு மாட்டுக்கு எப்படிச் சொல்றது?"

அதிகாரியின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று சொல்ல முடியாது. பூட்ஸை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கணக்கு போடக் காகிதம் தேவைப்படவில்லை. இருவரும் குழியோரம் நின்றுகொண்டே போட்டார்கள்.

"குளத்துத் தண்ணியை எடுக்காம புதுப் பாசி விட முடியாது" என்றாள் சின்னவள். "வெதைப் பாசி ஆறு டிரம் இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு. ஆனா குளம் காலியாகணும். அதைக் கொட்ட இடமில்லை."

"இந்தக் குழிக்கு?"

"இதுல கொட்டகைத் தண்ணியே நாலு நாள்தான் நிக்கும்."

"கழுவறதைக் குறைச்சுச் சுரண்டி அள்ளினா?"

"ஆறு நாள். குளத்துத் தண்ணிக்கு, ரசாயனக் கழிவு எடுக்கற டேங்கரைத்தான் கூப்பிடணும்."

பெரியவள் குழியைப் பார்த்தாள். உதடு எண்ணியது. "அறுபது மாட்டுக்கு ஆறு நாள். பத்து நாளுக்குன்னா முப்பத்தாறு மாடு. இருபத்து நாலு போகணும்."

"யார் கொட்டகையிலயாவது பத்து நாள் விட்டு வெச்சா?"

"நொண்டற மாட்டை எவனும் உள்ள விட மாட்டான். அவன் மாட்டுக்கும் ஒட்டிக்கும்." பெரியவள் முகம் இறுகியது. "நல்ல கால் இருக்கறதுதான் போகும். நல்லா கறக்கறது. பத்து நாள் பாலும் அவங்களுக்கே போகும்."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனாள். ஜன்னல் மேலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். வரிசையாக நடந்தாள். ஒவ்வொரு மாட்டின் காலையும் பார்த்தாள், பின்தொடையில் ஒரு கோடு போட்டாள். ஒன்று. இரண்டு. ஐந்தாவதற்கு முன்னால் கொஞ்சம் நின்றாள், போட்டாள். சின்னவள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனாள். எஞ்சின் சத்தம் நடுநடுவே இருமியது. மெஷின் இழுப்பு தொய்ந்து, மறுபடி பிடித்தது. அந்தப் பக்கம் ஃபிட்டர் மீட்டர் முன்னால் நிற்பது தெரிந்தது. முதுகுதான் தெரிந்தது.

பதினெட்டாவதில் பெரியவள் கை தாழ்ந்துவிட்டது.

"மிச்சத்தை நீ போடு. எனக்கு வரலை."

சின்னவள் சுண்ணாம்பை வாங்கினாள். உள்ளங்கையில் தோல் உரிந்த இடம் எரிந்தது. ஒரு கோடு போட்டாள். இன்னொன்று. வெளியே கேட் கிறீச்சிட்டது. பால் வேன் சரளைக்கல்லில் ஏறி வரும் சத்தம் கேட்டது. காலையில் போன அண்ணன் திரும்பி வருகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பெரியவள் சட்டென்று சின்னவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேளு. அவர் கேட்டா, நான் சொல்லாம விட்டேன்னு சொல்லு. தம்பி பேரு வெளிய வரக் கூடாது."

"நீங்க என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களே அக்கா. மறந்தது அவர்."

"தெரியும்."

"நாலு மணிக்குப் பொய் எழுதாதேன்னு சொன்னீங்க. இன்னும் ஆறு ஆகலை. அதுக்குள்ள என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நாலு மணிக்குக் கேட்டது ஆபீஸு. இப்பக் கேக்கப் போறது வீடு." பெரியவள் பிடி இறுகியது. "நம்ம ரெண்டு பேரும் எட்டு நாள் பேசலை, குளம் போச்சு. அண்ணனும் தம்பியும் பேசாம போனா என்ன மிஞ்சும்? யோசிச்சுப் பாரு."

வேன் கதவு அடைபட்டது. செருப்புச் சத்தம் கொட்டகை வாசலுக்கு வந்து, அங்கேயே நின்றது. எஞ்சின் ஒரு தடவை இருமியது. அப்புறம் ஓய்ந்தது. மெஷின் சத்தம் இல்லாத கொட்டகை எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் எல்லோரும் மறந்து போயிருந்தார்கள்.

அண்ணன் வரிசையைப் பார்த்தார். வெள்ளைக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் சின்னவளின் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியில் அவர் கண் நின்றது.

"என்னம்மா இது?" என்றார். "யாரால?"

சின்னவள் பெரியவளைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், எஞ்சின் கொட்டகையிலிருந்து வந்து வாசலில் நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

அவள் வாயைத் திறந்தாள்.